முப்பத்து மூன்றாம் வீட்டு நாற்காலி

மேடம் உட்கார்ந்திருக்கிற நாற்காலியின் இடது பின்னங்காலில் நான் கட்டிய கம்பி இன்னும் அவிழவில்லை. நான்கு சுற்று. கரிமூட்டை வாயைக் கட்டுகிற கம்பிதான், குறடு எங்கே இருக்கிறது நம்மிடம், கையாலேயே முறுக்கி நுனியை உள்பக்கமாக மடக்கிவிட்டேன், யார் சேலையிலாவது மாட்டிக் கிழித்துவிடக் கூடாதே என்று. மேடத்தின் சேலை அந்தக் கம்பிக்கு நாலு விரல் தள்ளித் தொங்குகிறது. வெளிர் நீலம், கஞ்சி போட்டுத் தேய்த்தது. அவர் பின்னால் சாய்கிறபோதெல்லாம் அந்தக் கால் கொஞ்சம் உள்ளே வாங்குகிறது. நெடுவூரணியில் நாற்பத்தாறு வீடு, வீட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும் என்று காலையிலேயே தட்டிக் கூப்பிட்டுவிட்டுப் போனார்கள், எல்லோரும் சமுதாயக்கூடத்துக்கு முன்னால் தார்ப்பாயில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஊருக்குள் நல்லதாக ஒரு நாற்காலி கொண்டுவா என்றால் இதுதான் வந்திருக்கிறது. சிவப்பு நாற்காலி. முதுகில் வெள்ளை எழுத்தில் 'முதல் பரிசு' என்று இருந்தது, இப்போது 'மு'வும் 'சு'வும்தான் மிச்சம். ஜோதிலட்சுமி நின்றுகொண்டு பட்டியலை வாசிக்கிறாள். நம்ம ஊர்ப் பெண்தான், மேடம் நடத்துகிற வறுமை ஒழிப்புத் திட்டத்தில் வேலை கிடைத்ததிலிருந்து கழுத்தில் அட்டை தொங்குகிறது, தண்ணீர்க் குழாய்க்கு வந்தாலும் கழற்றுவதில்லை. "ஒன்பதாம் வீடு, கருப்பாயி, மிகவும் ஏழை. ஒத்துக்கிறவங்க கையைத் தூக்குங்க." தூக்குகிறோம். "பத்தாம் வீடு, ஏழை." தூக்குகிறோம். ஒருத்தி ஏழை என்பதற்கு இத்தனை பேர் கை தூக்குவதை இப்போதுதான் பார்க்கிறேன். என்னுடையது முப்பத்து மூன்று. அது வருவதற்குள் ஒரு வாக்கியத்தை வாயில் தயார் செய்து வைத்திருக்க வேண்டும். மூன்று நாளாகத் தயார் செய்கிறேன், ஒவ்வொரு முறையும் நாற்காலி வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது.

மேடம் சாய்கிறார். சாயாதீர்கள் தாயே. அன்றைக்கு அந்தத் தம்பியும் இப்படித்தான் சாய்ந்தான், டொக்கென்று ஒரு சத்தம். கணக்கெடுக்க வந்த தம்பி, தோளில் பை, கையில் போன், எங்கள் தெருவுக்கு வடக்கேயிருந்து வந்ததால் முதலில் என் வீடு. விறகைச் சுட்டுக் கரியாக்குகிற மூட்டத்திலிருந்து அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று "அம்மா, திட்டத்துல இருந்து வர்றேன், ஒரு அரை மணி நேரம் பேசணும்" என்றான். வெயிலில் நடந்து வந்த பிள்ளை, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அரை மணி நேரம் பேசப்போகிறவனை நிற்க வைத்தா பேசுவது? தரையில் உட்காரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, முந்தின நாள் மழைக்கு ஒழுகி தரை நசநசவென்று கிடந்தது. "இந்தா வந்துட்டேன் தம்பி" என்று கொல்லைக்கு ஓடினேன். வேலிக்கு அந்தப் பக்கம் இருளாயி மதினி முள் அடுக்கிக்கொண்டிருந்தாள். "மதினி, வீட்டுக்கு ஆபீசரு வந்திருக்காக, அந்தச் சேரக் கொஞ்சம் குடுங்க." அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. உள்ளே போய் நாற்காலியை எடுத்து, முந்தானையால் ஒரு துடை துடைத்து, வேலி முள்ளைக் காலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு கொடுத்தாள். "தண்ணி குடுக்க டம்ளரு இருக்காடி? இந்தா, இதையும் கொண்டு போ." கூடவே எவர்சில்வர் டம்ளர். இருபத்திரண்டு வருடமாக நாங்கள் அப்படித்தான். அவள் வீட்டுக்கு ஆள் வந்தால் என் பாய் போகும், என் வீட்டுக்கு ஆள் வந்தால் அவள் நாற்காலி வரும். இந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது, தேவைப்படுகிற நேரத்தில் எங்கேயாவது இருக்கும். அந்தத் தம்பி உட்கார்ந்தான், சாய்ந்தான், டொக்கென்று பின்னங்காலில் வெடிப்பு விட்டது, "அய்யோ" என்றான். "பரவாயில்லப்பா, பழசு" என்றேன். அவன் போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தான். முதலில் தட்டினது நாற்காலி ஒன்று.

தட்டினான் என்று அப்போது எனக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா? அதைத்தான் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். "இது எங்க நாற்காலி இல்ல தம்பி, உங்களுக்காக இரவல் வாங்கியாந்தது" என்று உட்கார்ந்திருக்கிறவனிடம் எப்படிச் சொல்வது, அவனுக்குக் கூசாதா? "பன்னிரண்டாம் வீடு." கை தூக்குகிறேன். பிறகு அவன் கேட்டான், "சாப்பிட்டீங்களாம்மா?" எவ்வளவு அன்பாகக் கேட்டான். வீட்டுக்கு வந்த மனிதன் சாப்பிட்டீங்களா என்று கேட்டால் ஆச்சு என்றுதானே சொல்வோம், செத்த வீட்டில்கூட அப்படித்தான் சொல்வோம். இல்லை என்றால் வந்தவன் மடியில் பசியை இறக்கி வைத்த மாதிரி ஆகாதா? "ஆச்சுங்க தம்பி" என்றேன். "என்ன சாப்பிட்டீங்க?" அது என்ன கேள்வி. யாரும் அப்படி இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. இருளாயி மதினி வீட்டில் பேரன் பிறந்தநாளுக்கு அவித்தது ஞாபகம் வந்து "இட்லிங்க" என்றேன். இட்லி. நாங்கள் இட்லி அவித்தது போன தீபாவளிக்கு, எட்டு மாதம் ஆகிறது. அன்றைக்குக் காலையில் நானும் மகள் முனீஸும் குடித்தது கேப்பைக் கூழ், அதுவும் அவளுக்கு ஒரு சொம்பு, எனக்குக் கழுவின தண்ணீர். "மூணு வேளையும் சாப்பாடு உண்டுங்களா?" "உண்டுங்க." அவனை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியிருக்கிறதே என்றுதான் எனக்குக் கவலை, கொடுக்க ஒரு கடலை உருண்டைகூட இல்லையே என்று. நான் சொன்ன ஒவ்வொரு மரியாதையும் அவன் போனுக்குள் ஒவ்வொரு டிக்காகப் போய் விழுந்தது. கடைசியில் கேட்டான், "வீட்டுக்காரர்?" "வடக்க, கெணறு தோண்டுற போர்வெல் லாரியில இருக்காக." "மாசாமாசம் பேசுவாரா?" "பேசுவாக." மூன்று வருடமாக ஒரு போன் கிடையாது. கடைசியாகப் பேசினபோது பின்னால் ஒரு பெண் இந்தியிலோ என்னவோ சிரித்தாள், பிறகு அந்த நம்பரே எடுக்கவில்லை. அதையா சட்டைப் பையில் பேனா குத்தின பிள்ளையிடம் சொல்வது? ஊரிலேயே அதை யாரும் வாய் விட்டுச் சொன்னதில்லை. "அண்ணன் எப்ப வர்றாக?" என்று கேட்பார்கள், "பொங்கலுக்கு" என்பேன், "நல்லது" என்பார்கள். மூன்று பொங்கலாக இந்த ஊர் என் மானத்தை இப்படிச் சுமந்துகொண்டு வருகிறது.

அதே மரியாதைதான் என்னைக் கவிழ்த்தது. வீடு வீடாகக் கேட்டு முடித்த பிறகு இதே இடத்தில் கோலப்பொடியால் ஊரை வரைந்தார்கள். ஊரணி நீலம், பாதை மஞ்சள், வீட்டுக்கு ஒரு கட்டம். ஆளுக்குக் கொஞ்சம் புளியங்கொட்டை கொடுத்து, நீங்களே சொல்லுங்கள், எந்த வீடு எவ்வளவு கஷ்டம், அதற்கு ஏற்ற மாதிரி வையுங்கள் என்றார்கள். கஷ்டத்துக்குப் புளியங்கொட்டை. சின்ன வயதில் அதை வறுத்துத் தின்றே ஒரு கோடையைக் கழித்தவர்கள் நாங்கள், கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கவே சங்கடமாக இருந்தது. என் கட்டம் வந்தபோது வெளியூர்க்காரர்கள் நாலு பேர் நிற்கிறார்கள், எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "பூமயிலுக்கு என்ன, புருசன் வடக்க சம்பாதிக்கிறாரு" என்றாள் ஒருத்தி. "ஆமா, அவளுக்கு ஒண்ணும் கொறையில்ல" என்றாள் இருளாயி மதினி. எனக்காகச் சொன்னார்கள். அந்நியர் முன்னால் என்னைக் காப்பாற்றினார்கள். நானும் தலையைக் குனிந்து கொஞ்சம் சிரித்துக்கூட வைத்தேன். நாலு கொட்டை விழுந்தது, பக்கத்துக் கட்டத்தில் இருளாயிக்குப் பதினொன்று. அன்று சாயங்காலம் ஜோதி என்னைக் குழாயடியில் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "பூமயிலக்கா, மிகவும் ஏழைல ஒங்க பேரு வரல. ஏழையில வந்திருக்கு. நாற்காலி, மூணு வேள சாப்பாடு, வெளியூர்ல சம்பாதிக்கிற வீட்டுக்காரரு, மூணும் சேந்து மேல தூக்கிருச்சு." ஏழைக்கும் மிகவும் ஏழைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. மிகவும் ஏழை வீட்டுப் பெண்ணுக்குத்தான் டவுனில் நர்சு வேலைக்கு ஒரு வருடப் படிப்பு, தங்க இடம், சாப்பாடு எல்லாம் திட்டமே. பெண் இல்லாத வீட்டுக்கு ரெண்டு ஆடு. ஏழை வீட்டுக்குக் கூட்டம் மட்டும். "மாத்த முடியாதா ஜோதி?" "கூட்டத்துல எந்திரிச்சு நீங்களே சொல்லணும்க்கா. ஆனா ஒண்ணு. நம்ம ஊருக்கு இருபது வீடுதான். ஒருத்தர் உள்ள வரணும்னா இருபதுல ஒருத்தர் எறங்கணும். நாற்காலி ஒங்களது இல்லன்னா யாருதுன்னு கேப்பாக." அவள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். இருபதாவதாகக் கடைசியில் நிற்கிற வீடு எது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டில் உட்காரக்கூட ஒன்றும் இல்லை என்று அந்தத் தம்பி எழுதிக்கொண்டு போனது இருளாயி வீட்டில்தான். நாற்காலி அப்போது என் வீட்டில் கால் உடைந்து கிடந்தது, அவனை அவள் உரலைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்தாளாம்.

"பதினெட்டு." தூக்குகிறேன். தோள்பட்டை வலிக்கிறது, நேற்று முழுக்க சீமைக்கருவேலம் வெட்டினது. மேடம் ஏதோ சொல்கிறார், மக்கள் பங்கேற்பு, மக்களே முடிவெடுப்பது, மேலிருந்து யாரும் திணிக்கவில்லை. குரல் நன்றாகத்தான் இருக்கிறது. கெட்ட மனுஷி இல்லை, பார்த்தால் தெரிகிறது, வந்ததும் கிழவிகளைத்தான் முதலில் கும்பிட்டார். இவர்கள் யாருமே கெட்டவர்கள் இல்லை, அதுதான் எரிச்சல். மண்புழு உரம் சொல்லிக்கொடுக்க வந்தவர்கூடத் தங்கமான மனிதர். எங்களில் ஒருத்தருக்கும் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது, ஆளுக்கு ஒரு தொட்டி, தொட்டி நிறையப் புழு. எங்கே போட இந்த உரத்தை என்று கேட்டதற்கு, முதலில் தயாரியுங்கள், மனம் இருந்தால் வழி பிறக்கும் என்றார். ஒரு வாரம் எங்கள் கோழிகளுக்கு விருந்து. போட்டோ எடுக்க அவர் திரும்பி வந்தபோது ஊரணிக்கரையில் தோண்டி நாலு புழு பிடித்துத் தொட்டியில் விட்டோம், பாவம் அந்த மனிதர் ஏமாந்து போகக் கூடாதே என்று. அதற்குப் பிறகு கை கழுவுகிற பயிற்சி, குழாயில் தண்ணீர் வராத மாதத்தில் வந்தது, தண்ணீர் இருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு கழுவிக் காட்டினோம், இருபது பேர் வரிசையாக வெறும் கையைத் தேய்த்துக்கொண்டு. காளான் வளர்ப்புக்குச் சான்றிதழ் இருக்கிறது, கூரை ஒழுகுகிற இடத்தில் அதைச் செருகி வைத்திருக்கிறேன், மேலே பிளாஸ்டிக் ஒட்டியது, நன்றாகத் தாங்குகிறது. அதற்கும் முன்னால் வந்த மகளிர் திட்டத்தின் ஆண்டு விழாவில் கோலப்போட்டி. இருளாயி மதினி இருபத்தொரு புள்ளி வைத்து முதல் பரிசு வாங்கினாள், அந்தப் பரிசுதான் இந்த நாற்காலி. அன்றைக்கு அவள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தபோது தெருவே கூட வந்தது. ஒரு திட்டம் கொடுத்த நாற்காலி, இன்னொரு திட்டம் வந்து அதை எண்ணுகிறது, வேறு ஒருத்தி கணக்கில். சிரிப்பாகத்தான் வருகிறது. பக்கத்தில் இருந்தவள் "என்னடி சிரிக்கிற?" என்கிறாள். "ஒண்ணுமில்ல" என்கிறேன்.

முனீஸ் இந்நேரம் பையைக் கட்டி முடித்திருப்பாள். பஞ்சு மில் வேன் நாலு மணிக்கு வரும் என்று செல்லமணி சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், ஆள் பிடித்துக் கொடுக்கிறவன், எங்கள் சாதி ஜனம்தான், முறைக்குக் கொழுந்தன். "மதினி, மூணு வருசம் கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள ஓடிரும், பொட்டப்பிள்ளைக்கு அங்க ஒரு கொறையும் கெடையாது." பன்னிரண்டாவதில் ஊருக்கே முதலாக வந்த பிள்ளை, ரெண்டு மாதமாக என்னோடு முள் வெட்ட வருகிறாள், உள்ளங்கையில் முள் ஒடிந்து சீழ் வைத்தபோதுதான் மில்லுக்குச் சரி என்று சொன்னேன். சரி என்று சொன்ன அன்றைக்கே திட்டத்துப் படிப்பு பற்றித் தெரிந்தது. பட்டியலில் பேர் வந்தால் வேனைத் திருப்பி அனுப்பிவிடலாம். வராவிட்டால்? என் அக்கா மகள் பேச்சியம்மாள் போய்விட்டு வந்தாளே. போகும்போது வாயாடி, வந்தபோது கேட்டதற்கு மட்டும் பதில். ராத்திரி தூங்குகிறவள் திடீரென்று எழுந்து பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, கூந்தலை இறுக்கி முடிந்துகொண்டு வாசலில் வரிசையில் நிற்பது போல நிற்பாளாம். எங்கேடி போறே என்றால், ஷிப்ட்டு என்பாளாம். ரெண்டு வருடம் ஆயிற்று, இன்னும் நிற்கிறாள் என்று அக்கா அழுகிறாள். இருமினால் பஞ்சு பஞ்சாக வருகிறது என்று ஒரு தடவை சொன்னாள், அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இன்று காலையில் முனீஸ் பல் விளக்கிக்கொண்டே கேட்டாள். "கூட்டத்துல சொல்லுவியாம்மா?" "சொல்லுவேன்." "என்னன்னு சொல்லுவ?" "ஒன்னய மில்லுக்கு அனுப்ப மாட்டேன்னு சொல்லுவேன்." "அப்படிச் சொன்னா அவுகளுக்குப் புரியாதும்மா. நாற்காலி நம்மளுது இல்ல, அப்பா நம்மள விட்டுட்டுப் போயிட்டாரு, காலையில சாப்பிடல. இந்த மூணையும் சொல்லு, அம்புட்டுத்தான்." பரீட்சைக்குச் சொல்லிக்கொடுப்பது போல மூன்று விரலை மடக்கிக் காட்டினாள். அப்பா விட்டுட்டுப் போயிட்டாரு என்று அவள் வாயால் இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். பிள்ளைக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது, என்னிடம் அவளும் பொங்கலுக்கு வருவார் என்றே நடித்திருக்கிறாள்.

"இருபத்தொன்பதாம் வீடு, நாகவல்லி, மிகவும் ஏழை." கை தூக்கப் போகிறோம், பின்னாலிருந்து ஒரு சத்தம். "அவ வீட்டுல டிவி இருக்குங்க!" எழுந்து நிற்பது நாகவல்லியின் ஓரகத்தி, ரெண்டு பேரும் ஒரே கிணற்றடியில் துவைக்கிறவர்கள். நாகவல்லி சட்டென்று எழுந்தாள். "அது ஓடாதுடி, பாவி! நாலு வருசமா அது மேல சாமி படம் வச்சிருக்கேன், ஒனக்குத் தெரியாது?" "ஓடாட்டியும் டிவி டிவிதானே?" "ஒன் மாமியாருக்குச் செஞ்ச மோதிரத்தச் சொல்லவா நானு? சொல்லவா?" தார்ப்பாயே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார், "நல்லது, இப்படித்தான் வெளிப்படையா பேசணும்" என்றார். நாகவல்லியை ஏழையில் போட்டார்கள். அவள் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரே கிணற்றடி. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒரே கல்லில் துவைப்பார்கள்? இன்றைக்குச் சாயங்காலம் மேடம் ஜீப்பில் ஏறிப் போய்விடுவார், இந்த டிவியும் மோதிரமும் இங்கேயேதான் கிடக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது. மூன்று விரல். நாற்காலி எங்களது இல்லை. அப்பா விட்டுட்டுப் போயிட்டாரு. காலையில் சாப்பிடவில்லை. புருஷன் விஷயத்தைச் சொல்லிவிடலாம், மானம்தானே, போனால் போகட்டும், மூன்று வருடமாகச் சுமந்தவர்களுக்கும் கை வலித்திருக்கும். சாப்பிடவில்லை என்பதையும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லலாம். ஆனால் அது ரெண்டும் ஆளுக்கு ஒரு மதிப்பெண்தானாம், நாற்காலிக்கு ரெண்டு, அது இறங்காமல் நான் உள்ளே போக முடியாது என்று ஜோதி கணக்குப் பார்த்துச் சொல்லிவிட்டாள். நாகவல்லி இடம் காலியானாலும், என் கணக்கிலிருந்து நாற்காலி இறங்கினால் அது இருளாயி கணக்கில்தான் ஏறும். சுற்றிச் சுற்றி அந்தக் கம்பியிலேயே வந்து நிற்கிறது. இருளாயி எனக்கு நாலு பேர் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். காலையிலிருந்து என் பக்கம் திரும்பவில்லை. அவள் புருஷன் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு மூன்று வருடமாகப் படுக்கை, ரெண்டு ஆடு வந்தால் ஓட்டிக்கொண்டு போய் ஊரணிக்கரையில் மேய்த்துக்கொள்வாள், வெட்டுக்குப் போகாமல் வீட்டுப் பக்கமே இருக்கலாம். அவளுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் வேண்டும் என்கிறேன். ரெண்டும் ஒன்றுதான் என்று ஆக்கிவைத்தது யார்?

"முப்பத்து ரெண்டாம் வீடு, இருளாயி, மிகவும் ஏழை." அவள் முதுகு கூனிக்கொண்டது. யாராவது எழுந்து நாற்காலி என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒரு கணம் ஊரே மூச்சைப் பிடித்தது, எல்லோருக்கும் தெரியும் அல்லவா அது யார் வாங்கின பரிசு என்று. மேடம் சாய்ந்தார், 'மு'வும் 'சு'வும் அவர் முதுகுக்குப் பின்னால் மறைந்தன. கைகள் எழுந்தன. என் கையும். "முப்பத்து மூணாம் வீடு, பூமயில், ஏழை. ஒத்துக்கிறவங்க…" நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, கால் மரத்துப்போய் இருந்தது. "சொல்லுங்கம்மா" என்றார் மேடம், நன்றாகக் கேட்பதற்காக நாற்காலியை என் பக்கம் அரைத் திருப்பாகத் திருப்பி, முழுப் பாரத்தோடு சாய்ந்தார். கம்பி நெளிந்தது. நான் பார்த்தேன். மூன்று விரலும் மறந்துபோயிற்று. "மேடம், சாயாதீங்க! அந்தக் காலு ஒடஞ்சது, சும்மா கம்பி கட்டித்தான் விட்டிருக்கு, விழுந்துருவீக!" அவர் பதறி எழுந்தார், குனிந்து பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு பிரியமான சிரிப்பு. "நல்லவேளைம்மா. இது உங்க வீட்டு நாற்காலியா?" கேள்வி வந்துவிட்டது. நானாகத் தேடிப் போக வேண்டாம் என்று அதுவே வந்து என் முன்னால் நின்றது. இல்லை என்று ஒரு வார்த்தை. அடுத்தது, யாருடையது? இருளாயி அப்போதுதான் திரும்பினாள். தலையை ஆட்டவில்லை, கையெடுத்துக் கும்பிடவில்லை, சும்மா பார்த்தாள், வேலி முள்ளைக் காலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்த அதே கண். நான் பெரிய மனசுக்காரி என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று சொன்னால் அது பொய். நாக்கு எழவில்லை, அவ்வளவுதான். பெற்ற மகளுக்காக எழாத நாக்கு, அந்நியத்தி ஒருத்தி விழுந்துவிடப் போகிறாள் என்றதும் எப்படிப் பாய்ந்தது பார்த்தீர்களா? "ஆமாங்க" என்றேன். "வேற ஏதாவது சொல்லணுமா?" "இல்லைங்க." "காலையிலயே வந்து உட்கார்ந்திருக்கீங்க, சாப்பிட்டீங்களா?" "ஆச்சுங்க." "ஒத்துக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றாள் ஜோதி, தரையைப் பார்த்துக்கொண்டு. எல்லோரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

கூட்டம் முடிந்து போட்டோ எடுத்து ஜீப் போய்விட்டது. தார்ப்பாயை உதறி மடித்தார்கள். நாற்காலி வெயிலில் தனியாக நின்றது. யாரும் தொடவில்லை, இருளாயி ரெண்டு அடி எடுத்து வைத்து நின்றாள், ஜோதி அவளைப் பார்த்தாள், அவள் அப்படியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் போய் எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். எனக்குள் அப்படி ஒரு கோபம் இருந்தது என்று அதைத் தூக்கும்போதுதான் தெரிந்தது. ஊரே ஒத்துக்கொண்ட நாற்காலி அல்லவா, ஊர் பார்க்கவே கொண்டுபோகிறேன். தெருவில் நடக்கிறேன், பின்னால் அவள் நடந்து வருகிற சத்தம், செருப்பு இல்லாத கால், தெரிந்த நடை. கேட்கட்டும். என் சேரக் குடுடி என்று ஒரு வார்த்தை கேட்கட்டும், நடுத்தெருவில் இறக்கி வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதுவிடுவேன் என்று இருந்தது. "ஏ பூமயிலு" என்றாள். நின்றேன். "என்ன மதினி?" "ஒண்ணுமில்ல. கல்லு கெடக்கு, பாத்துப் போ." அவள் வீட்டுக்குள் போனாள். இனி என்றைக்கும் அவள் கேட்க முடியாது, கேட்டால் ஆடு போய்விடும். நானும் கொடுக்க முடியாது. வேலியில் அந்த இடத்து முள் இனி அடர்ந்து மூடிக்கொள்ளும், ரெண்டு மழை போதும்.

முனீஸ் வாசலில் பையை வைத்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், தலையில் இருந்ததைப் பார்த்தாள், எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை அவளுக்கு, கெட்டிக்காரப் பிள்ளை. இருந்தாலும் கேட்டாள், எனக்காகத்தான் கேட்டிருப்பாள். "யாரு நாற்காலிம்மா?" "நம்ம நாற்காலிதான். எழுதியே இருக்கு." வாசலில் வேப்பமர நிழலாகப் பார்த்துப் போட்டேன். "உக்காரு ஆத்தா, வேன் வர இன்னும் நேரம் கெடக்கு." அவள் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, பாதையைப் பார்த்துக்கொண்டு, கூந்தலை அவிழ்த்து இறுக்கி முடிந்தாள். வீட்டு வாசலில் என் மகள் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முதுகு வலித்திருக்கும் போல, மெல்லப் பின்னால் நகர்ந்தாள். சாயாதே, அந்தக் கால் தாங்காது என்றேன்.